விசில் ஊத ஆளில்லாத அருவி

கரையான்சாவடி

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுவது. வருகிற சனிக்கிழமை நீயும் உன் கூட்டாளிகளும் ஸ்காட்லாந்தின் டண்டீயிலிருந்து சைக்கிளை ரயிலில் ஏற்றி, பெர்த் நகரில் ரயில் மாறி, பிட்லாக்ரி போய், அங்கிருந்து டம்மல் அருவிக்குச் சைக்கிளிலும் நடையுமாகப் போகிறீர்களாம். உன் அம்மா சொன்னாள். "போகாதேன்னு எழுது" என்பது அவள் உத்தரவு. நான் அப்படி எழுதப் போவதில்லை. வாரமெல்லாம் வகுப்பு, மிச்ச நேரம் வேலை என்று ஓடுகிறவனுக்கு மலையும் தண்ணீரும் வேண்டியதுதான். நம்ம ஊர்ப் பையன்களே ஞாயிற்றுக்கிழமை இருட்டோடு கிளம்பி, திருவள்ளூர், ஊத்துக்கோட்டை வழியாக நாகலாபுரம், கைலாசகோனை அருவிகளுக்குப் பைக்கில் பறக்கிறார்கள்.

ஆனால் ஒன்று. குற்றாலம் மெயின் அருவியில் தண்ணீர் பாதுகாப்பு ஆர்ச்சைத் தாண்டி விழுந்தால் போலீஸ்காரர் விசில் ஊதி எல்லோரையும் வெளியே விரட்டிவிடுவார். அப்படிக் காவல் இருக்கிற ஊரிலேயே, 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து 17 வயதுப் பையனை அடித்துக்கொண்டு போய்விட்டது. மலைமேல் பெய்கிற மழை கீழே குளிக்கிறவனுக்குத் தெரியாது.

நீ இருக்கும் ஸ்காட்லாந்தில் அந்த விசிலும் இல்லை. 2003-இல் வந்த சட்டப்படி அங்கே காடு, மலை, ஆற்றங்கரை என்று பெரும்பாலான இடங்களில் யாரும் நடக்கலாம், சைக்கிள் ஓட்டலாம். கூடவே, உன் செயலுக்கு நீயே பொறுப்பு என்றும் அதன் வழிகாட்டி விதிகள் சொல்கின்றன. நாமோ யாராவது தடுத்தால்தான் நின்று பழகியவர்கள். தடுக்க ஆளில்லை என்றால் ஆபத்தும் இல்லை என்று நம் மனசு தானாகக் கணக்குப் போட்டுவிடும். அந்தக் கணக்குத்தான் தப்பு.

2024 ஏப்ரலில் இதே டம்மல் அருவியில்தான், உன் ஊரான டண்டீயின் பல்கலைக்கழகத்தில் படித்த இந்திய மாணவர்கள் இருவர் தண்ணீரில் விழுந்து இறந்துபோனார்கள். அவர்களும் நண்பர்களோடு நடக்கப் போனவர்கள்தான். கேரி ஆறும் டம்மல் ஆறும் கலக்கிற இடம் அது.

ஆகவே, ஈரப் பாறையில் போட்டோவுக்காக விளிம்புக்குப் போகாதே. பாசி கண்ணுக்குத் தெரியாது, காலுக்குத்தான் தெரியும். வெயில் அடிக்கிறதே என்று இறங்காதே. அங்கே கோடையிலும் தண்ணீர் குளிர்ந்தே கிடக்கும். 15 டிகிரிக்குக் கீழே இருக்கும் தண்ணீரில் திடீரென்று விழுந்தால் மூச்சு தானாக உள்ளே இழுக்கும், அந்த நொடியில் தண்ணீரையும் சேர்த்து இழுத்துவிடுவோம். நம்ம கிணற்றில் நீந்திய தைரியம் அங்கே உதவாது. தவறி விழுந்தால் கையைக் காலை அடிக்காமல் மல்லாந்து மித. மூச்சு நிதானப்பட்ட பிறகு கரையைப் பார். கூட வந்தவன் விழுந்தால் பின்னாலேயே குதிக்காதே. 999-ஐக் கூப்பிடு, கயிறோ கம்போ எறி. சிக்னல் மங்கலான பள்ளத்தாக்குகள் உண்டு, அங்கே பேச முடியாவிட்டாலும் குறுஞ்செய்தி போகலாம். 999-க்குக் குறுஞ்செய்தி அனுப்பும் வசதிக்கு முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும், இன்றைக்கே செய்துவிடு. தண்ணீர் கலங்கினாலோ, இலையும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ, இரைச்சல் கூடினாலோ உடனே மேட்டுக்கு ஏறு.

சைக்கிளுக்கு முன்னும் பின்னும் விளக்கு மாட்டிக்கொள். சாலையில் நம்மைப் போலவே இடப்பக்கம்தான், அந்தக் குழப்பம் இல்லை. அந்த ரயிலில் சைக்கிளுக்கு இடம் கொஞ்சம்தான். திரும்பி வரவும் சேர்த்து முன்பதிவு செய். கடைசி ரயிலைப் பிடிக்கும் அவசரத்தில் ஈரச் சரிவில் வேகம் எடுக்கத் தோன்றும்.

கூட்டத்தில் ஒருவன் "இது வேண்டாம்டா" என்றால் அவனைக் கேலி செய்யாதீர்கள். யாருமே சொல்லவில்லை என்றால் நீ சொல். பயந்தாங்கொள்ளி என்று பேர் வந்தால் வரட்டும், வாங்கிக்கொள்.

எந்த வழி, எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்பதை அறைத்தோழனிடம் எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பு. உனக்கு இரவு எட்டு மணி என்றால் இங்கே நள்ளிரவு தாண்டியிருக்கும். உன் அம்மா விழித்துக்கொண்டுதான் இருப்பாள். அறைக்கு வந்ததும் முதலில் அவளுக்குப் போன் போடு, சாப்பாடு அப்புறம்.

நன்றாகச் சுற்றிவிட்டு வா.

அன்புடன்,
மாமா