32 கிலோபைட்டில் ஒரு கணினிப் பாடம்

மதுரையை அடுத்த ஊராட்சிப் பகுதி ஒன்றில் அறிவியல் கற்பிக்கிறேன். எங்கள் மாணவர்கள் திறன்பேசியைச் சொல்லித் தராமலே இயக்குகிறார்கள். ஆனால், "நீ எடுத்த படம் அதற்குள் எப்படி இருக்கிறது?" என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடுகிறது. கணினி அவர்களுக்குத் திறக்க முடியாத பெட்டி. அதைப் பயன்படுத்துவது தங்கள் வேலை, உருவாக்குவது வேறு யாருடைய வேலையோ என்ற எண்ணமும் அதோடு சேர்ந்தே வளர்கிறது. இதை மாற்ற எனக்கு உதவியது 1981இல் வெளிவந்த பழைய கணினி ஒன்று.

பள்ளிக்கு வந்த முதல் கணினி

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் இயங்கிய ஏகார்ன் நிறுவனம் உருவாக்கிய 'பிபிசி மைக்ரோ'தான் அது. நம் நாட்டிலும் 1984-85இல் மத்திய அரசு தொடங்கிய 'கிளாஸ்' திட்டத்தில் ஏறத்தாழ 250 பள்ளிகளுக்கு முதலில் சென்றது இதே கணினி. 'மாடல் பி' வகையின் வேகம் 2 மெகாஹெர்ட்ஸ். நினைவகம் 32 கிலோபைட். இன்று 3 மெகாபைட் அளவுள்ள ஒரு புகைப்படத்தைச் சேமிக்க, இதுபோன்ற 96 கணினிகளின் நினைவகம் தேவை. இந்தக் கணக்கை மாணவர்களையே போடச் சொல்லுங்கள். பாடம் அங்கேயே தொடங்கிவிடும்.

செயல்பாடு 1: கட்டமா, வண்ணமா?

தேவை: கட்டத்தாள், வண்ணப் பென்சில்கள்.

ஒவ்வொரு குழுவுக்கும் 32 பைட் 'நினைவகம்' தருகிறேன். அதாவது 256 பிட்டுகள். கறுப்பு வெள்ளை மட்டும் என்றால் ஒரு கட்டத்துக்கு 1 பிட் போதும். 16×16 கட்டங்களில் படம் வரையலாம். 4 வண்ணங்கள் வேண்டுமானால் கட்டத்துக்கு 2 பிட். கட்டங்கள் 128 ஆகக் குறையும். 16 வண்ணங்கள் என்றால் 4 பிட். எஞ்சுவது 64 கட்டங்களே. வீட்டு வாசலில் புள்ளிக்கோலம் போட்டுப் பழகிய பிள்ளைகளுக்குக் கட்டத்தை நிரப்புவது கடினமில்லை. எதை விட்டுக்கொடுப்பது என்பதில்தான் வாக்குவாதம். "சார், கலரக் கூட்டுனா கோபுரம் கோபுரமாவே தெரியல" என்றாள் ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி. பாடத்தின் மையக்கருத்து அதுதான்.

இப்போது உண்மைக் கணினிக்கு வருவோம். பிபிசி மைக்ரோவில் 640×256 புள்ளிகளில் 2 வண்ணம், 320×256இல் 4 வண்ணம், 160×256இல் 16 நிறநிலை என்று மூன்று திரைமுறைகள் உண்டு. மூன்றுக்கும் கணக்கிட்டால் ஒரே விடை வரும்: 20 கிலோபைட். திரைக்கே இவ்வளவு போனால் நிரலுக்கு எஞ்சுவது 12 கிலோபைட்டுக்கும் குறைவு. இந்தத் திரைமுறைகளைப் பயன்படுத்திய விளையாட்டுகளும் பாடங்களும் அந்த இடத்துக்குள்தான் எழுதப்பட்டன.

செயல்பாடு 2: கைதட்டலில் ஓர் எழுத்து

அக்காலத்தில் நிரல்களைச் சாதாரண ஒலிநாடாவில் சேமித்தார்கள். 0 என்பதற்கு 1200 ஹெர்ட்ஸில் ஓர் அலை. 1 என்பதற்கு அதே நேரத்துக்குள் 2400 ஹெர்ட்ஸில் இரண்டு அலைகள். வகுப்பில் இதைத் தாளமாக மாற்றலாம். ஒரு தட்டுக்கு ஒரு கைதட்டல் என்றால் 0. அதே கால அளவில் இரண்டு கைதட்டல் என்றால் 1. கண்ணைக் கட்டிய மாணவர் கேட்டு எழுதுவார். ஆங்கில முதலெழுத்துக்கு 01000001. ஒரு தட்டு தவறினாலும் எழுத்து மாறிவிடும். பிழையைக் கண்டறியும் முறை ஏன் தேவை என்பதை மாணவர்களே கேட்பார்கள்.

பழையதோடு புதியது

இன்றும் ஆர்வலர்கள் கூடும் கண்காட்சிகளில் இந்தக் கணினிகள் இயங்குகின்றன. ஒலிநாடா இருந்த இடத்தில் நினைவக அட்டை. 'டியூப்' என்ற இணைப்பில் ராஸ்பெர்ரி பை. இதற்குப் பின்னால் ஓர் அழகான வரலாறு உண்டு. சோஃபி வில்சனும் ஸ்டீவ் ஃபர்பரும் ஏகார்னில் வடிவமைத்த முதல் ஆர்ம் செயலி 1985 ஏப்ரலில் இயங்கியது, இதே பிபிசி மைக்ரோவின் டியூப் இணைப்பில்தான். இன்றைய திறன்பேசிகள் பெரும்பாலானவற்றில் இருப்பது அந்த ஆர்ம் வழிவந்த செயலி. 2012இல் வந்த ராஸ்பெர்ரி பையிலும் அதுவே. தாய்வீட்டுக்கு மகள் வந்து கைகொடுப்பது போல, புதிய செயலி பழைய கணினிக்குத் துணை நிற்கிறது. பழையதை ஒதுக்காமல் அதில் புதியதைப் பொருத்த முடிந்ததற்குக் காரணம், இணைப்புகள் எப்படி வேலை செய்கின்றன என்பது கையேட்டில் விளக்கமாக எழுதப்பட்டிருந்ததுதான்.

நம் பள்ளியில்

பிபிசி மைக்ரோ நம்மிடம் இருக்க வேண்டியதில்லை. உலாவியிலேயே அதைப் போல இயங்கும் இலவச மென்பொருள் உள்ளது. உயர் தொழில்நுட்ப ஆய்வகத்தில் ஒரு பாடவேளை போதும். பழுதான கணினிகள் பள்ளியில் இருந்தால், தலைமையாசிரியரின் அனுமதியுடன், இருப்புப் பதிவேட்டில் உள்ள நிலையைப் பார்த்த பிறகே எடுங்கள். மின் இணைப்பு இல்லாத கணினிப் பெட்டியைத் திறந்து நினைவகம், செயலி, வன்தட்டு ஆகியவற்றைக் காட்டலாம். பழைய குழாய்த் திரைகளையும் மின்வழங்கிப் பெட்டியையும் திறக்கவே கூடாது. மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் அவற்றில் ஆபத்தான மின்னேற்றம் தங்கியிருக்கும்.

மதிப்பீட்டுக்கு ஒரு வினா: "உன்னிடம் 64 பைட் இருக்கிறது. மீனாட்சியம்மன் கோயில் கோபுரத்தை எத்தனை கட்டத்தில், எத்தனை வண்ணத்தில் வரைவாய்? ஏன்?" இதற்கு ஒரே சரியான விடை கிடையாது. காரணம் சொல்லும் மாணவருக்கு மதிப்பெண் கொடுங்கள். கணினியை வடிவமைப்பவர்கள் நாள்தோறும் செய்யும் வேலையும் இதுவே என்பதை அவர்களிடம் மறவாமல் சொல்லுங்கள்.