கிளட்ச் வழுக்கினால் என்ன செய்ய வேண்டும்?

விடியற்காலையில் சங்கத்துக்குப் பால் கொண்டுபோவது, வயலுக்கு உரமூட்டை எடுத்துச் செல்வது, சந்தைக்குக் காய்கறி ஏற்றுவது என்று முன்பு மாட்டு வண்டி செய்த வேலையில் பெரும் பகுதியை இன்று 100 சி.சி. மோட்டார் சைக்கிளே செய்கிறது. தார்ச் சாலைக்கென்று செய்யப்பட்ட இந்த வண்டி வரப்பிலும், சேற்றுத் தடத்திலும், மேட்டுக்காட்டிலும் சுமையோடு ஏறி இறங்க வேண்டியிருக்கிறது. இதில் அதிகமாக அடிபடும் பாகங்களில் ஒன்று கிளட்ச்.

கிளட்ச் வழுக்கத் தொடங்கியதும், பிளேட் போய்விட்டது என்று முடிவு செய்து வீணாகப் பணம் செலவழிப்பவர்கள் உண்டு. ஓடும்வரை ஓடட்டும் என்று விட்டுவிட்டுப் பால் கேனோடு நடுவழியில் நிற்பவர்களும் உண்டு. இரண்டுமே நஷ்டம்தான். ஒரு ஸ்பேனரைக் கொண்டு கால் மணி நேரத்தில் சரிசெய்யக்கூடிய சிறு கோளாறே, கவனிக்காமல் விட்டால் பிளேட்டுகளைக் கருக்கிவிடும்.

கிளட்ச் எப்படி வேலை செய்கிறது?

என்ஜினின் சக்தியைக் கியருக்குக் கொடுப்பதும், வேண்டும்போது துண்டிப்பதும் கிளட்சின் வேலை. இதற்குள் உராய்வுப் பிளேட்டுகளும் இரும்புப் பிளேட்டுகளும் ஒன்றுவிட்டு ஒன்றாக அடுக்கப்பட்டுள்ளன. ஸ்பிரிங்குகள் இவற்றை நெருக்கிப் பிடிக்கின்றன. கைப்பிடியை இழுத்தால் நெருக்கம் விலகும். விட்டால் மீண்டும் பிடிக்கும். இந்த வகை வண்டிகளில் பிளேட்டுகள் எண்ணெயில் நனைந்தபடியே இயங்குகின்றன. நெருக்கம் குறைந்தாலோ, பிளேட் தேய்ந்தாலோ, எண்ணெய் ஒத்துவராவிட்டாலோ ஒன்றின்மேல் ஒன்று வழுக்கும். கிளட்ச் கைப்பிடி இல்லாத மொபெட்டுகளின் அமைப்பு வேறு. இங்கே கூறப்படுபவை அவற்றுக்குப் பொருந்தா.

வழுக்குவதை அறிவது எப்படி?

சமமான சாலையில் மேல் கியரில் நிதானமாகப் போகும்போது ஆக்சிலரேட்டரை வேகமாகத் திருக வேண்டும். என்ஜின் உறுமி, வேகம் அதற்கேற்பக் கூடாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது என்று அறியலாம். மேட்டில் சுமையோடு ஏறும்போது இது நன்றாகத் தெரியும். கருகல் வாடையும் வரலாம். என்ஜின் உறுமாமலேயே இழுவை குறைந்திருந்தால் கோளாறு வேறிடத்தில் இருக்கும். கடகடவென்ற சத்தத்தோடு வண்டி உதறினால் செயினையும் பல்சக்கரத்தையும் பார்க்க வேண்டும்.

முதலில் கைப்பிடித் தளர்வு

கிளட்ச் கைப்பிடியை இழுக்கும்போது, ஒயர் இழுபடுவதற்கு முன்பு கொஞ்ச தூரம் லேசாக வர வேண்டும். பல 100 சி.சி. வண்டிகளில் இந்தத் தளர்வு கைப்பிடி நுனியில் 10 முதல் 20 மி.மீ. இருக்க வேண்டும். சரியான அளவை வண்டிக் கையேட்டில் காணலாம். தளர்வே இல்லாவிட்டால், கையை எடுத்த பிறகும் கைப்பிடியை யாரோ லேசாக இழுத்துப் பிடித்திருப்பது போலாகும். ஸ்பிரிங்கின் முழு நெருக்கமும் பிளேட்டுக்குக் கிடைக்காது.

பல வண்டிகளில் பிளேட் தேயத் தேய இந்தத் தளர்வு தானாகவே குறைந்துகொண்டு வரும். ஆகவே, போன மாதம் சரியாக இருந்தது என்று இருந்துவிடக் கூடாது. கைப்பிடியருகே உள்ள திருகின் பூட்டு நட்டைத் தளர்த்தி, திருகை உள்ளே செலுத்தினால் தளர்வு கூடும். அது போதாவிட்டால் ஒயரின் கீழ் முனையில் உள்ள நட்டுகளைக் கொண்டு சரிசெய்யலாம். பிறகு ஹேண்டில் பாரை இரு பக்கமும் முழுவதும் திருப்பிப் பார்த்து, தளர்வு அப்படியே இருக்கிறதா என்று கவனிக்க வேண்டும். ஒயர் இறுகி நகர்ந்தாலோ, நார் நாராகப் பிரிந்திருந்தாலோ மாற்றிவிடுவது நல்லது.

அடுத்து எண்ணெய்

வழுக்கலுக்கு மற்றொரு காரணம் தவறான எண்ணெய். மிச்சம் இருக்கிறதே என்று கார் எண்ணெயை ஊற்றக் கூடாது. சில கார் எண்ணெய்களில் உராய்வைக் குறைக்கும் மருந்து கலந்திருக்கும். உராய்வினால் பிடிக்கும் கிளட்சுக்கு அது பகை. ஜப்பானில் 1998-ம் ஆண்டு வகுக்கப்பட்ட 'ஜாசோ' தர அளவின்படி எண்ணெய் டப்பாக்களில் குறியீடு போடப்படுகிறது. கியர் மாற்றும் மோட்டார் சைக்கிளுக்கு 'எம்.ஏ.' அல்லது 'எம்.ஏ.2' என்ற குறியீடு இருக்க வேண்டும். 'எம்.பி.' என்பது உராய்வு குறைந்த எண்ணெய். கிளட்ச் எண்ணெயில் நனையாத ஸ்கூட்டர்களுக்கு உரியது. 

கையேட்டில் கூறிய தரத்தையும் அளவையும் மீறக் கூடாது. இழுவை கூடும் என்று தனி மருந்து எதையும் எண்ணெயில் கலக்கவும் கூடாது. வடித்த பழைய எண்ணெயை வாய்க்காலிலோ கிணற்றடியிலோ கொட்டாமல் ஒர்க்‌ஷாப்பில் ஒப்படைக்க வேண்டும்.

கடைசியில் பிளேட்டும் ஸ்பிரிங்கும்

இவ்விரண்டும் சரியாக இருந்தும் வழுக்கினால் கிளட்சைத் திறந்து பார்க்க வேண்டும். அனுபவமுள்ள மெக்கானிக்கிடம் விட்டாலும், அருகில் இருந்து கவனிப்பது நல்லது. உராய்வுப் பிளேட்டின் கனத்தையும், ஸ்பிரிங்கின் நீளத்தையும் அளந்து கையேட்டு அளவோடு ஒப்பிட வேண்டும். இரும்புப் பிளேட் நீலம் பாய்ந்திருந்தால் மிகவும் சூடாகியிருக்கிறது என்று பொருள். அதைக் கண்ணாடிப் பலகையில் வைத்தால் வளைந்திருப்பது தெரிந்துவிடும்.

ஸ்பிரிங்குகளை மாற்றினால் எல்லாவற்றையும் ஒன்றாக மாற்ற வேண்டும். புதிய உராய்வுப் பிளேட்டுகளைப் பூட்டுவதற்கு முன் என்ஜின் எண்ணெயில் சில மணி நேரம் ஊறப்போட வேண்டும். ஸ்பிரிங் போல்ட்டுகளை எதிரெதிராகச் சிறிது சிறிதாக முடுக்க வேண்டும். மூடிக்குப் புதிய பேக்கிங் போடுவது அவசியம். பழைய ஸ்பிரிங்குக்கு அடியில் வாஷர் போட்டு இறுக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அதனால் கைப்பிடி கனக்குமே தவிர, தேய்ந்த பிளேட் புதிதாகிவிடாது.

வழியில் வழுக்கினால்

பாரத்தோடு போகும்போது வழுக்கத் தொடங்கினால் முதலில் ஒயரைத் தளர்த்திப் பார்க்கலாம். பிறகு கீழ் கியரில், ஆக்சிலரேட்டரை அதிகம் திருகாமல் மெதுவாக ஓட்ட வேண்டும். கீழ் கியரில் அதே சுமையை இழுக்கக் கிளட்சின் மேல் விழும் பாரம் குறைவு. முடிந்தால் சுமையில் ஒரு பகுதியை இறக்கி, இரண்டு நடையாக எடுத்துச் செல்லலாம்.

கையும் பழக்கமும்

கிளட்சைக் கெடுப்பதில் பெரும் பங்கு ஓட்டும் பழக்கத்துக்கே உண்டு. கைப்பிடியின் மேல் விரலை வைத்தபடியே ஓட்டக் கூடாது. சேற்றில் சக்கரம் மாட்டிக்கொண்டால், அரைக் கிளட்சில் உறும விடாமல் இறங்கித் தள்ளுவதே சிக்கனம். மேட்டில் பிரேக்கைப் பிடித்து நிறுத்த வேண்டுமே தவிர, கிளட்சைப் பாதி பிடித்து நிறுத்தக் கூடாது.

சுமையிலும் கணக்கு வேண்டும். இரண்டு 40 லிட்டர் கேன்களில் பால் மட்டும் 82 கிலோ வரும். கேன்களின் எடையையும் ஓட்டுபவரின் எடையையும் சேர்த்தால் இரண்டு பேரை ஏற்றிய பாரத்தைத் தாண்டிவிடும். கையேட்டில் உள்ள வரம்பைப் பார்த்து ஏற்றினால் கிளட்ச் மட்டுமல்ல, பிரேக்கும் டயரும் கூட நீடித்து உழைக்கும்.

முதலில் தளர்வு, அடுத்து எண்ணெய், கடைசியில்தான் பிளேட். இந்த வரிசையில் பார்த்து வந்தால் தேவையற்ற செலவு மிச்சமாகும். காலைப் பாலும் நேரத்துக்குச் சங்கம் போய்ச் சேரும்.