சிஏ-125 கூடினாலே புற்றுநோயா?

கேள்வி: டாக்டர், எனக்கு 38 வயது. மாஸ்டர் ஹெல்த் செக்கப்பில் சிஏ-125 அளவு 62 என்று வந்திருக்கிறது. 35-க்குள் இருக்க வேண்டுமாம். மாதவிலக்கின் இரண்டாம் நாள் ரத்தம் கொடுத்தேன். கூகுளில் பார்த்தால் சினைப்பைப் புற்றுநோய் என்கிறது. தூக்கமே போய்விட்டது.
- ஈரோடு வாசகி

பதில்: பாதி பதில் கேள்வியிலேயே இருக்கிறது: மாதவிலக்கின் இரண்டாம் நாள்.

சிஏ-125 புற்றுநோய்க்கு மட்டுமே உரிய பொருள் இல்லை. கருப்பையின் உட்சுவர், வயிற்றறையைப் போர்த்தியிருக்கும் சவ்வு, நுரையீரல் உறை எல்லாமே இந்தப் புரதத்தைச் சுரக்கின்றன. மாதவிலக்கு, கர்ப்பம், ஃபைப்ராய்டு, எண்டோமெட்ரியோசிஸ், கல்லீரல் சுருக்கம் என எதிலும் இது ஏறலாம். நம் ஊரில் வயிற்றுக் காசநோயையும் மறக்கக் கூடாது. வயிற்றில் நீர்கோத்து, சிஏ-125 பல நூறைத் தொட்டு, புற்றுநோய் என்றே ஆபரேஷன் வரை போய், கடைசியில் பயாப்ஸியில் காசநோய் என்று தெரியவந்த பெண்களைப் பற்றி இந்திய மருத்துவ இதழ்கள் பலமுறை எழுதியிருக்கின்றன.

எதிர்ப்பக்கமும் உண்டு. சினைப்பைப் புற்றுநோயின் முதல் கட்டத்தில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இந்த அளவு கூடுவதே இல்லை.

அப்படியானால் எல்லோருக்கும் ஆண்டுதோறும் பார்த்தால் என்ன? பிரிட்டனில் பார்த்தார்கள். மாதவிலக்கு நின்ற, 50 முதல் 74 வயது வரையிலான 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களைச் சேர்த்து, ஒரு பிரிவினருக்கு ஆண்டுதோறும் சிஏ-125 பரிசோதித்தார்கள். 2021-இல் முடிவு வந்தது. சில புற்றுநோய்கள் முன்கூட்டியே பிடிபட்டன. சாவு எண்ணிக்கை குறையவில்லை. ஆண்களுக்கான பிஎஸ்ஏ என்ற ரத்தப் பரிசோதனையும் புராஸ்டேட் புற்றுநோயைத் தவறவிட்டுக் கையை விரிப்பதுண்டு. பிஎஸ்ஏ அளவு 4-ஐத் தாண்டாத ஆண்களுக்குப் பயாப்ஸி செய்த அமெரிக்க ஆய்வு 2004-இல் வெளியானது. அவர்களில் சுமார் 15 சதவீதம் பேருக்கு புராஸ்டேட் புற்றுநோய் இருந்தது. இவ்வளவு தெரிந்தும் அறிகுறியே இல்லாதவர்களின் செக்கப் பேக்கேஜில் இவற்றையெல்லாம் சேர்ப்பது, பட்டியலை நீளமாகக் காட்டத்தான் உதவும்.

சிஏ-125-க்கு உருப்படியான வேலை வேறு இடத்தில் இருக்கிறது. புற்றுநோய் உறுதியானவருக்குக் கீமோ தொடங்கிய பின் 900 என்பது 200, 40 என இறங்கினால் மருந்து கேட்கிறது என்று பொருள். அங்கே ஒற்றை எண்ணைவிட அது போகும் திசைதான் முக்கியம்.

ஈரோடு வாசகி முதலில் மகப்பேறு மருத்துவரைப் பார்த்து, சினைப்பையைக் காட்டும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுத்துவிடலாம். அடுத்த மாதவிலக்கு முழுதாக நின்றபின், அதே லேபில் ரத்தம் கொடுக்கட்டும். லேபுக்கு லேப் கிட் மாறினால் எண்ணும் மாறும். தாய், சகோதரி, சித்தி யாருக்காவது மார்பகப் புற்றுநோயோ சினைப்பைப் புற்றுநோயோ வந்திருந்தால், அதை மருத்துவரிடம் அவசியம் சொல்ல வேண்டும். மரபணுப் பரிசோதனை தேவைப்படலாம். வயிறு உப்பிக்கொண்டே இருப்பது, நாலு வாய் சாப்பிட்டதும் நிறைந்துவிடுவது, அடிக்கடி சிறுநீர் முட்டுவது போன்ற தொல்லைகள் சில வாரங்களாகத் தொடர்ந்தால், சிஏ-125 வெறும் 12 என்று வந்தாலும் ஸ்கேனைத் தள்ளிப்போடக் கூடாது.