கீரிமலையில் ஒரு கமராவும் முக்காலியும்

கேள்வி: என்னிடம் பழைய டி.எஸ்.எல்.ஆர். கமரா மட்டும் இருக்கிறது. தொலைநோக்கி இல்லாமல் கீரிமலையில் விண்மீன்களைப் படம் பிடிக்கலாமா?

பதில்: தாராளமாக. முக்காலி ஒன்று போதும். 18 மி.மீ. வில்லை, ஐ.எஸ்.ஓ. 1600, 15 செக்கன். அதற்கு மேல் போனால் பூமியின் சுழற்சியால் விண்மீன்கள் கோடாக இழுபடும். தானியங்கிக் குவியத்தை நிறுத்திவிட்டு, பிரகாசமான விண்மீன் ஒன்றைத் திரையில் பெருப்பித்து, அது சிறு புள்ளியாகும்வரை வளையத்தைத் திருப்புங்கள். படம் கெடுவது பெரும்பாலும் இங்கேதான்.

உங்கள் ஊர் ஏறத்தாழ 10 பாகை வட அகலாங்கில் இருக்கிறது. அதனால் துருவ நட்சத்திரம் வடக்கே கடலுக்கு மேல் 10 பாகை உயரத்திலேயே நிற்கும்; கடற்புகார் அதை அடிக்கடி மறைத்துவிடும். ஆனால் தெற்கு வானம் உங்களுக்குப் பெரும் கொடை. சித்திரை நள்ளிரவில் தென்சிலுவை 20 பாகை உயரத்தில் நிற்கும். அதற்கு மேலே மங்கலான பஞ்சுப்பொட்டாகத் தெரிவது ஒமேகா சென்டாரி. பல இலட்சம் விண்மீன்களின் கூட்டம். இலண்டன்காரருக்கு இரண்டுமே அடிவானத்துக்கு மேல் வராது. யாழ்ப்பாண நகரின் வெளிச்சமும் அதே தெற்கில்தான். ஆகவே ஊர் விளக்குகள் அடங்கிய பின் எடுங்கள்.

ஐப்பசி முதல் மார்கழிவரை மழைமுகில். தை பிற்பகுதியிலிருந்து வானம் தெளியும். அமாவாசையை ஒட்டிய இரவுகளே சிறந்தவை. உப்புக்காற்று வில்லையைக் கெடுக்கும். வீட்டுக்கு வந்ததும் மென்துணியால் துடையுங்கள்.

அயல் பிள்ளைகளையும் கூப்பிடுங்கள். ஹேலி வால்வெள்ளியை ஆராய்ந்த அலன் ஆபிரகாம், வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியில் படிப்பித்தவர். அதை அவர்களுக்குச் சொல்லுங்கள்.