உழைப்புக்கு மார்க்கா, எழுத்துக்கு மார்க்கா?

உப்பளங்கள் சூழ்ந்த மரக்காணம் பக்கத்துப் பள்ளி ஒன்றில் ஏழாம் வகுப்புக் கட்டுரை நோட்டுகளைத் திருத்துகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். தலைப்பு ‘எங்கள் ஊர்’. முதல் நோட்டில் முன்னுரை, உட்தலைப்புகள், முடிவுரை எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கின்றன. ஒற்றுப்பிழை ஒன்றுகூட இல்லை. ஆனால் ஊர் பெயரை மாற்றிவிட்டால் அது தேனிக்கும் பொருந்தும், தென்காசிக்கும் பொருந்தும். நோட்ஸில் இருந்ததை மனப்பாடம் செய்து இறக்கிவைத்த கட்டுரை.

இரண்டாவது நோட்டில் ஆறே வரி. ‘எங்க அம்மா வெடியகாலமே பாத்திக்கு போயிடும். வெயிலு ஏறுனா உப்பு கண்ண கூசும்னு சொல்லும்.’ மூன்று இடங்களில் அடித்து, மேலே மறுபடி எழுதியிருக்கிறது. ஒற்று இல்லை, றகர ரகரம் இடம் மாறிக் கிடக்கிறது.

இரண்டுக்கும் பத்துக்கு எத்தனை போடுவீர்கள்?

எழுத்தின் தரத்துக்குத்தான் மார்க் என்றால் முதல் நோட்டுக்கு எட்டு, இரண்டாவதுக்கு மூன்று. உழைப்புக்குத்தான் என்றால் கணக்கு இன்னும் குழம்பும். மனப்பாடம் செய்த பிள்ளையும் உழைத்துத்தான் இருக்கிறது. எழுத்து வகுப்பு நடத்தும் ஆசிரியரும் மாலையில் பிள்ளைகளைக் கூட்டிவைத்துச் சொல்லிக்கொடுக்கும் தன்னார்வலரும் இங்கே ஒரு முறையைத் தேர்ந்துகொண்டே ஆகவேண்டும். கையில் இருப்பவை நான்கு.

தரத்துக்கு மட்டும் மார்க் போடுவது பழைய வழி. அதன் நியாயத்தைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். பத்தாம் வகுப்புத் தமிழ்த் தேர்வில் குறிப்புகளைக் கொண்டு எழுதும் கட்டுரைக்கு எட்டு மதிப்பெண். அந்த விடைத்தாளைத் திருத்துபவருக்கு இந்தப் பிள்ளை யார், எந்தக் குப்பத்திலிருந்து வருகிறது, வீட்டில் விளக்கு எத்தனை மணிக்கு அணைகிறது என்பதெல்லாம் தெரியாது. தாளில் இருப்பதுதான் பிள்ளை. அந்தத் தேர்வுக்கு முன்பே உண்மை நிலவரத்தைப் பிள்ளையிடம் சொல்லிவைப்பது ஆசிரியரின் கடமை.

சிக்கல், தரம் என்ற பெயரில் நாம் எண்ணுவது எதை என்பதில் இருக்கிறது. பெரும்பாலும் பிழையின்மையைத்தான் எண்ணுகிறோம். சிவப்பு மையில் வட்டம் போடுவது சுலபம். இந்த வரி உயிருள்ளது, அந்த வரி செத்தது என்று பிரித்துச் சொல்வது கடினம். பிள்ளைகள் இதைச் சீக்கிரமே புரிந்துகொள்கிறார்கள். குறைவாக எழுதினால் குறைவாகத் தப்பு வரும். நோட்ஸில் இருப்பதை எழுதினால் தப்பே வராது. ‘அம்மா பாத்திக்கு போயிடும்’ என்பதை அடித்து ‘சென்றுவிடுவார்’ என்று மட்டும் மேலே எழுதிக் கொடுத்தால், அடுத்த கட்டுரையில் அம்மா வரமாட்டாள். எட்டாம் வகுப்பு வரை இந்த வழி வேண்டாம் என்பது என் முடிவு.

உழைப்புக்கு மட்டும் மார்க் என்ற இரண்டாவது வழிதான் கேட்க மிக இனிமையானது. அதனாலேயே இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும்.

உழைப்பை யாரும் நேராகப் பார்க்க முடிவதில்லை. அதன் அடையாளமாக ஏதோ ஒன்றை எண்ணுகிறோம். ஒன்று, வருகை. 2020இல் கொரோனாவால் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு ரத்தானபோது, காலாண்டு அரையாண்டுத் தேர்வுகளுக்கு 80 விழுக்காடும் வருகைப்பதிவுக்கு 20 விழுக்காடும் என்று மதிப்பெண் கணக்கிட்டார்கள். அவசர காலத்து ஏற்பாடு, அரசுக்கு வேறு வழியும் அதிகம் இல்லை. ஆனால் தம்பிக்குக் காய்ச்சல் என்றால் வீட்டில் நின்றுவிடும் அக்காவுக்கு அந்த 20இல் என்ன மிஞ்சும் என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொன்று, செய்துகொண்டுவந்த பொருள். 2012-13இல் முப்பருவ முறை வந்தபோது ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை வளரறி மதிப்பீட்டுக்கு 40, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 என்று பிரித்தார்கள். அந்த 40இல் பாதி, செயல்பாடுகளுக்கு. நல்ல நோக்கம்தான். நடைமுறையில் பல இடங்களில் அது சார்ட் பேப்பரும் ஸ்கெட்ச் பேனாவும் ஒட்டுப்படமுமாகச் சுருங்கியது. ஸ்டேஷனரி கடைக்குப் போய்வர நேரமும் காசும் உள்ள வீட்டின் உழைப்பு அங்கே மார்க்காக மாறியது.

மூன்றாவது, வீட்டில் செலவிட்ட நேரம். மரக்காணம் கரையில் இதுதான் எல்லாவற்றிலும் மோசமான அளவுகோல். மழை ஓய்ந்து ஜனவரி பிறந்தால் பாத்தி கட்டுவது, மிதித்துக் கெட்டிப்படுத்துவது, தண்ணீர் பாய்ச்சுவது, பிறகு உப்பு வாருவது என்று அடுத்த மழை வரை வேலை தொடரும். வெயில் ஏறுமுன் முடிக்க வேண்டும் என்பதால் பெரியவர்கள் இருட்டிலேயே கிளம்பிவிடுவார்கள். உலை வைப்பதும் சின்னதைக் கிளப்பிப் பள்ளிக்குக் கூட்டிவருவதும் மூத்த பிள்ளையின் பொறுப்பு. அந்தப் பிள்ளை வீட்டில் அரைமணி நேரம் எழுத உட்காருவது, கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் கடை வைத்திருப்பவரின் பிள்ளை மூன்று மணி நேரம் உட்காருவதற்குச் சமம். எந்த நோட்டிலும் அது தெரியாது.

அமெரிக்கக் கல்லூரிகளிலும் இதே வழக்கு நடந்திருக்கிறது. எழுத்தின் தரத்தைப் பார்க்காமல், செய்த வேலையின் அளவுக்கே மதிப்பெண் என்ற முறையைப் பேராசிரியர் அசாவோ இனோவே 2019இல் ஒரு நூலாகவே எழுதினார். வெள்ளையர் ஆங்கிலத்தை அளவுகோலாக வைத்துப் பிற மாணவர்களைத் தோற்கடிக்கக்கூடாது என்பது அவர் வாதம். நம் ‘போயிடும்’ பிரச்சினையும் அதன் உறவுதான். 2021இல் இன்னொரு பேராசிரியரான எலன் கரில்லோ அதற்கு மறுப்பு எழுதினார். வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்களுக்கும் உடல்நலக் குறையோடு படிப்பவர்களுக்கும் நேரம் என்பது எல்லாருக்கும் போலக் கிடைப்பதில்லை; உழைப்பை அளவுகோலாக்கினால் பழைய அநியாயம் போய்ப் புதிய அநியாயம் வரும் என்றார். உப்பளக் கரையில் நின்று பார்த்தால் கரில்லோ சொல்வது எனக்கு உடனே புரிகிறது.

இன்னொரு ஆபத்தும் உண்டு. பாத்தியில் இறங்கியவருக்குக் கூலி, வாரிய உப்புக்கு விலை. உப்பு கறுத்துவிட்டது என்பதற்காகக் கூலியைப் பிடித்தால் அது கொடுமை. கூலி கொடுத்துவிட்டோம் என்பதற்காகக் கறுத்த உப்பை வெள்ளை உப்பு என்று விற்கவும் முடியாது. முயற்சி செய்தாய் என்று மூன்று வருடம் பத்துக்குப் பத்து போட்டு அனுப்பினால், பத்தாம் வகுப்பில் முன்பின் தெரியாத ஒருவர்தான் அந்தப் பிள்ளைக்கு முதல் முறையாக உண்மையைச் சொல்லுவார். அப்போது திருத்திக்கொள்ள நேரம் இருக்காது.

மூன்றாவது வழி ஒப்பந்தம். அமெரிக்கப் பேராசிரியர்கள் பீட்டர் எல்போவும் ஜேன் டேனியலெவிட்ஸும் 2009இல் விவரித்த முறை இது: சொன்ன வேலைகளை எல்லாம் முடித்தவருக்கு ‘பி’ கிரேடு உறுதி, அதற்கு மேல் போக வேண்டுமானால் எழுத்தின் தரம் வேண்டும். எனக்கு இதில் பிடித்தது, அடித்தளமும் மேல்தளமும் தனித்தனியாக இருப்பது. ஆறு முதல் எட்டு வரை நடத்தும் பள்ளி ஆசிரியருக்கு இதையே சிபாரிசு செய்வேன், ஒரு மாற்றத்தோடு. உழைப்பு முழுவதும் வகுப்பறைக்குள், உங்கள் கண்ணெதிரே நடக்க வேண்டும்.

பருவத்துக்கு நான்கு கட்டுரை. ஒவ்வொன்றையும் இரண்டு முறை எழுத வேண்டும். முதல் வரைவைப் பக்கத்துப் பிள்ளைக்குப் படித்துக் காட்ட வேண்டும். கேட்டவர் ஒரு கேள்வியாவது கேட்க வேண்டும். இரண்டாவது வரைவில் ஏதோ ஒன்று உண்மையாகவே மாறியிருக்க வேண்டும். கையெழுத்தை அழகாக்கி அதையே படியெடுத்தால் கணக்கில் வராது. இவ்வளவும் முடித்தால் பத்துக்கு ஏழு நிச்சயம். மிச்ச மூன்றும் தரத்துக்கு. மூன்றாம் பருவத்தில் உப்பளத்தில் வேலை சூடுபிடித்துவிடும். அப்போது நான்கை மூன்றாக்குங்கள். விடுப்பு எடுத்த பிள்ளை வந்த நாளில் மதிய இடைவேளையிலோ கடைசிப் பீரியடிலோ எழுதிச் சேர்த்துக்கொள்ள இடம் கொடுங்கள்.

முன்னே சொன்ன இரண்டு நோட்டுகளையும் இதில் போட்டுப் பாருங்கள். மனப்பாடக் கட்டுரைக்காரருக்கு இரண்டாவது வரைவில் மாற்றுவதற்கு ஒன்றும் இருக்காது. ‘உங்க ஊரு கடல் எந்தப் பக்கம்?’ என்று பக்கத்துப் பிள்ளை கேட்ட பிறகுதான் அவருக்கு எழுத்து வேலை தொடங்கும். ஆறு வரி எழுதியவருக்கோ அது எப்போதோ தொடங்கிவிட்டது. அந்த மூன்று அடித்தல்கள்தான் சாட்சி.

நான்காவது, மார்க்கே போடாமல் வார்த்தையில் சொல்வது. 1988இல் ரூத் பட்லர் இஸ்ரேல் பள்ளிப் பிள்ளைகளிடம் செய்த ஆய்வு இதற்குப் பலமான ஆதாரம். கருத்து மட்டும் எழுதித் திருப்பிக் கொடுக்கப்பட்டவர்களுக்கு ஆர்வமும் செயல்திறனும் கூடின. மார்க்கும் கருத்தும் சேர்த்துக் கொடுக்கப்பட்டவர்களுக்கு அந்தப் பலன் இல்லை. எண்ணைப் பார்த்ததும் கண் அங்கேயே நின்றுவிடுகிறது.

இந்த வழிக்குப் பொருத்தமான இடம் இந்த வட்டாரத்திலேயே இருக்கிறது. பெருந்தொற்றில் பள்ளி மூடிக்கிடந்ததால் விட்டுப்போன பாடத்தை ஈடுகட்ட, 2021 அக்டோபர் 27 அன்று ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டத்தை முதலமைச்சர் தொடங்கிவைத்தது மரக்காணத்தை ஒட்டிய முதலியார்குப்பத்தில்தான். ஊர்க்காரத் தன்னார்வலர் ஒருவர், மாலை நேரம், சுமார் இருபது பிள்ளைகள். அப்படிப்பட்ட இடத்தில் யாருக்கும் ரேங்க் கார்டு எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை. அந்தச் சுதந்திரத்தை மார்க் போட்டு வீணாக்காதீர்கள். ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் இதுவே போதும்.

ஆனால் ‘நன்று’, ‘இன்னும் முயற்சி தேவை’ என்று எழுதுவது கருத்து ஆகாது. அந்த ஆறு வரிக்கு நான் எழுதுவதாக இருந்தால் இப்படி எழுதுவேன்: ‘அம்மா சொன்னதை அப்படியே எழுதினது நல்லா இருக்கு. கண்ணு கூசினா அவங்க என்ன செய்வாங்க? கேட்டு அடுத்த வரியில எழுது. இந்த வாரம் ர, ற மட்டும் பார்த்துக்க.’ பாராட்டு ஒன்று, கேள்வி ஒன்று, பிழை ஒரே வகை. எல்லாப் பிழையையும் ஒரே நாளில் வட்டமிட்டால் ஒன்றும் மனதில் நிற்காது. பேச்சுத் தமிழை எழுத்துத் தமிழாக்குவதை இரண்டாவது வரைவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் அம்மா பேசியதை மேற்கோள் குறிக்குள் அவள் பேச்சாகவே விட்டுவிடலாம். வகுப்பில் நாற்பது பேர் என்றால் எல்லா நோட்டுக்கும் ஒரே வாரத்தில் இப்படி எழுத முடியாது. வாரத்துக்குப் பத்து போதும், மாதத்தில் எல்லாருக்கும் ஒரு முறை வந்துவிடும்.

ஒன்பதாம் வகுப்புக்கு வந்துவிட்டால் பேச்சு வேறு. அங்கே தரத்துக்கான மார்க்கை மறைக்கக்கூடாது. நோட்டின் ஓரத்தில் இரண்டு கட்டம் போடுங்கள். ஒன்றில் செய்த வேலை, மற்றதில் பொதுத்தேர்வாக இருந்தால் எட்டுக்கு இதற்கு எவ்வளவு கிடைக்கும் என்ற எண். இரண்டையும் கூட்டாதீர்கள். கூட்டினால் எது எதற்கு என்று பிள்ளைக்கும் தெரியாது, உங்களுக்கும் மறந்துபோகும்.

எந்த முறையை எடுத்தாலும் வருடத் தொடக்கத்திலேயே பெற்றோரிடம் சொல்லிவிடுங்கள். பாத்தியிலிருந்து வந்து களைத்து உட்கார்ந்திருக்கும் ஓர் அம்மா ‘எம் பொண்ணு எத்தன மார்க்கு சார்?’ என்று கேட்டால் கொள்கை விளக்கம் வேண்டாம். முதல் வரைவையும் இரண்டாவது வரைவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, என்ன மாறியிருக்கிறது என்று அந்தப் பெண்ணையே படித்துக்காட்டச் சொல்லுங்கள். ஆய்வுக்கு வரும் அதிகாரிக்கும் அதையே காட்டலாம். அதற்காகவாவது முதல் வரைவை ரப்பர் போட்டு அழிக்க விடக்கூடாது. தனித்தாளில் பேனாவால் எழுதச் சொல்லி, தேதி போட்டு, இரண்டாவது வரைவுக்குக் கீழே பின் அடித்து வையுங்கள்.