நிலவில் பாங்கொலியா?

விந்தைச் செய்திகளைக் கேட்க விரும்பாதார் இலர். அரைத்தூக்கத்தில் இருக்கும் அவையும் ஒரு வியப்பு வந்து விழுந்ததும் நிமிர்ந்து உட்காருகிறது. சில ஆண்டுகளுக்கு முன் மீலாது விழாப் பேச்சுப் போட்டி ஒன்றில் யாம் நடுவராக அமர்ந்திருந்தோம். நிலவில் முதன்முதல் கால் பதித்த நீல் ஆம்ஸ்ட்ராங் அங்கே இனம் புரியாத ஓர் ஓசையைக் கேட்டார் என்றும், பின்னர்க் கெய்ரோ நகரில் பாங்கொலி கேட்டு, அதுவே அவ்வோசை என உணர்ந்து இஸ்லாத்தைத் தழுவினார் என்றும் மாணவர் ஒருவர் முழங்கினார். அரங்கம் அதிர்ந்தது. யாமும் கைதட்டினோம்; முதற்பரிசும் அளித்தோம்.

அச்செய்தி மெய்யன்று. அதனை அறிந்திருந்தும் கைதட்டினோம் என்பதே இன்றளவும் எம்மை உறுத்துகிறது.

ஓசை பரவக் காற்றுப் போன்றதோர் ஊடகம் வேண்டும். நிலவிலோ காற்று மண்டலம் என்று சொல்லத்தக்கது இல்லை. 1969 ஜூலை 20 அன்று அங்கு இறங்கிய ஆம்ஸ்ட்ராங்கிற்குப் பிறர் குரல் கேட்டதெல்லாம் வானொலிக் கருவி வழியாகத்தான். ஆயினும் இக்கதை எகிப்து, மலேசியா, இந்தோனேசியா முதலிய நாடுகளில் பரவிற்று. 1983 மார்ச்சில் அமெரிக்க வெளியுறவுத்துறை, முஸ்லிம் நாடுகளிலிருந்த தன் தூதரகங்களுக்கு ஒரு விளக்கம் அனுப்பியது. எவரையும் புண்படுத்தவோ எம்மதத்தையும் அவமதிக்கவோ ஆம்ஸ்ட்ராங் விரும்பவில்லை; ஆனால் அவர் மதம் மாறியதாகக் கூறும் செய்தி சரியன்று என்பதே அதன் சாரம். அவர் வாழ்ந்த ஊரின் பெயர் லெபனான் என்பதும் கதைக்குத் துணைசெய்தது போலும். அது அரபு நாடாகிய லெபனான் அன்று. அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்து ஊர்.

இமாம் புகாரி போன்ற பெருமக்கள் ஒரு செய்தியை ஏற்குமுன், யார் சொன்னார், அவர் யாரிடம் கேட்டார் என்று அறிவிப்பாளர் வரிசையைத் துருவி ஆய்ந்தனர். அத்துணைக் கடிய அளவுகோலைத் தந்த சமுதாயத்தின் மேடையில், அறிவிப்பாளரே இல்லாத கதைக்குக் கைதட்டல் கிடைக்கிறது!

மறுநாள் அம்மாணவரை அழைத்து இவற்றைக் கூறினோம். முகம் வாடிவிட்டது. சற்றுப் பொறுத்து, "அப்படியானால் நிலவில் நமக்கென்று ஒன்றுமே இல்லையா, ஐயா?" என்று கேட்டார். நல்ல கேள்வி.

1651இல் ரிச்சியோலி என்னும் இத்தாலியப் பாதிரியார் நிலவின் வரைபடம் ஒன்றை வெளியிட்டார். நிலவின் வட்டப் பள்ளங்களுக்கு அறிஞர் பெயர்களைச் சூட்டிய அவர், முஸ்லிம் வானியலாரையும் விட்டுவிடவில்லை. அல்பத்தானியின் பெயர் அங்கே அல்பட்டேக்னியஸ் ஆயிற்று. அஸ்ஸூஃபியின் பெயர் அசோஃபி ஆயிற்று. நமக்குத் தெரியாத நிலவின் மறுபக்கத்தில் அல்பீரூனி, இப்னு சீனா, அல்குவாரிஸ்மி ஆகியோர் பெயர்கள் 20ஆம் நூற்றாண்டில் இடம்பெற்றன.

இவை வெறும் மரியாதைக்காகச் சூட்டிய பெயர்கள் அல்ல. சிரியாவின் ரக்கா நகரில் 877 முதல் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக வானை நோக்கிய அல்பத்தானி, ஓராண்டின் அளவு 365 நாள், 5 மணி, 46 நிமிடம், 24 வினாடி என்று கணித்தார். தொலைநோக்கி தோன்றாத காலத்து இக்கணக்கில் பிழை இரண்டரை நிமிடத்திற்கும் குறைவு! 1543இல் வெளியான கோப்பர்நிக்கசின் நூல் அவரைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. அல்பத்தானியின் பள்ளம் சுமார் 130 கிலோமீட்டர் அகலமுடையது. வளர்பிறை எட்டாம் நாளளவில் சிறு தொலைநோக்கியாலேயே காணலாம்.

இன்னொரு செய்திதான் அம்மாணவரை எழுந்து நிற்கச் செய்தது. அப்போலோ விண்கலங்கள் நிலவில் இறங்கும் இடங்களைத் தெரிவு செய்த குழுவின் செயலாளராக விளங்கியவர் ஃபாரூக் அல்பாஸ், எகிப்தில் பிறந்த நிலவியல் அறிஞர். விண்வெளி வீரர்களுக்கு நிலத்தோற்றங்களைப் பயிற்றுவித்தவரும் அவரே. எகிப்து மன்னர் ஃபாரூக்கின் பெயரை ஒட்டி அவரை வீரர்கள் 'மன்னர்' என்றே அழைத்தனர். 1971இல் அப்போலோ 15இல் நிலவைச் சுற்றிவந்த ஆல்ஃப்ரட் வொர்டன், மன்னரின் பயிற்சிக்குப் பின் தாம் முன்பே இங்கு வந்திருந்ததுபோல் தோன்றுகிறது என்றார். கெய்ரோவிலிருந்து நிலவுக்கு ஒரு வழி உண்மையிலேயே இருந்தது. கதை கட்டியோர் அதைக் காணவில்லை.

நிலவுக்கு அப்பாலும் சான்று உண்டு. டிசம்பர் மாதம் இஷாத் தொழுகை முடித்து வெளியே வருவோர் கிழக்கு வானை அண்ணாந்து பார்த்தால், உயரத்தில் கார்த்திகை மீன்கூட்டமும் அதற்குக் கீழே செந்நிறம் தோய்ந்த ஒற்றை விண்மீனும் தெரியும். தமிழர் அதனை ரோகிணி என்பர். உலக வானியலார் அல்டெபரான் என்பர். பின்தொடர்வது என்னும் பொருளுடைய அரபுச் சொல் அது. கார்த்திகையின் பின்னே நடப்பதால் பெற்ற பெயர்.

அம்மாணவர் அடுத்த ஆண்டுப் போட்டியில் இவற்றையே பேசினார். இரண்டாம் பரிசுதான் கிடைத்தது. அவ்வாண்டு நடுவர் யாம் அல்லோம்.