கடை தரும் கடன் அட்டை: லாபமா? நஷ்டமா?

(மெக்கானிக்கல், மூன்றாம் ஆண்டு)



பெரிய துணிக்கடையிலும் மளிகைக் கடையிலும் பில் போடும் இடத்தில் இப்போதெல்லாம் ஒரு கேள்வி கேட்கிறார்கள். "சார், எங்க கடை கிரெடிட் கார்டு வாங்கிக்கிறீங்களா? வாங்குற சாமானுக்கெல்லாம் பாயிண்ட் கிடைக்கும்." நம்மில் பலர் விரைவில் வேலைக்குப் போகப் போகிறோம். முதல் சம்பளம் ஏறியதும் இதே கேள்வி நம்மிடமும் வரும். அதற்கு ஆசையை வைத்துப் பதில் சொல்லாமல், கணக்கை வைத்துப் பதில் சொல்லக் கற்றுக்கொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கார்டு யாருடையது?

அட்டையின் மேல் கடையின் பெயர் இருக்கும். ஆனால் கடன் கொடுப்பது கடை அல்ல. ரிலையன்ஸ் ரீடெய்லும் எஸ்.பி.ஐ. கார்டு நிறுவனமும் சேர்ந்து 2023 அக்டோபரில் ஒரு கார்டு கொண்டுவந்தன. அதேபோல அமேசானுக்கு ஐ.சி.ஐ.சி.ஐ. வங்கி, ஃபிளிப்கார்ட்டுக்கு ஆக்சிஸ் வங்கி என்று ஜோடி சேர்ந்திருக்கின்றன. நாம் வேறு கடைக்குப் போகக் கூடாது என்பது கடையின் கணக்கு. கட்டணமும் வட்டியும் வர வேண்டும் என்பது கடன் கொடுப்பவரின் கணக்கு. நமக்கென்று ஒரு கணக்கு வேண்டாமா?

பாயிண்ட் கணக்கு

ரிலையன்ஸ் எஸ்.பி.ஐ. சாதாரண கார்டு வெளிவந்தபோது ஆண்டுக் கட்டணம் ரூ.499. வருடத்தில் ஒரு லட்சம் ரூபாய் செலவு செய்தால் கட்டணம் தள்ளுபடி. தள்ளுபடி கிடைக்காவிட்டால் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் சேர்ந்து சுமார் ரூ.589 ஆகிவிடும்.

இதே கட்டணமுள்ள ஏதோ ஒரு கார்டு "100 ரூபாய்க்கு 5 பாயிண்ட்" தருவதாக வைத்துக்கொள்வோம். கேட்டவுடன் 5 சதவீதம் என்று தோன்றும். ஒரு பாயிண்டின் மதிப்பு 25 காசு என்றால் நமக்குத் திரும்பி வருவது ரூ.1.25தான். ஆகவே "எத்தனை பாயிண்ட்?" என்று கேட்பதோடு நிற்கக் கூடாது. "ஒரு பாயிண்ட் எத்தனை காசு?" என்றும் கேட்க வேண்டும்.

இந்தக் கணக்கில், கட்டின ரூ.589ஐத் திரும்ப எடுக்கவே அந்தக் கடையில் வருடத்துக்கு ரூ.47,120க்குச் சாமான் வாங்கியாக வேண்டும். மாதத்துக்குச் சுமார் ரூ.3,930. அதற்கு மேல் வாங்கினால்தான் லாபம்.

எங்கள் வீட்டுக் கணக்கு

அப்பா நாகல் நகர் பக்கம் பூட்டுப் பட்டறையில் பீஸ் ரேட்டுக்கு வேலை செய்கிறார். சனிக்கிழமை கூலி. அக்கா வேடசந்தூர் பக்கம் ஸ்பின்னிங் மில்லில் வேலை பார்க்கிறார். அவர் சம்பளம் பேங்கில் ஏறுவதால் கார்டு அவரைத் தேடி வந்தது. படிவம் முழுவதும் இங்கிலீஷ். "நீதான் படிச்சிருக்கியே தம்பி, வாங்கலாமா வேணாமான்னு சொல்லு" என்றார். எங்கள் வீட்டில் அப்படிப்பட்ட படிவத்தைப் படிக்கிற முதல் ஆள் நான். என் காலேஜ் பீஸும் அக்கா சம்பளத்தில்தான் கட்டுகிறோம். நான் சரி என்றால் அவர் கையெழுத்துப் போட்டுவிடுவார். அதனால் நோட்டை எடுத்து வரிசையாக எழுதினேன்.

அரிசி ரேஷன் கடையில். காய்கறி உழவர் சந்தையில். மற்ற சாமான் தெருமுனை அண்ணாச்சி கடையில். இங்கெல்லாம் அந்தக் கார்டைத் தேய்க்க வழியில்லை. பெரிய கடைக்குப் போவது தீபாவளிக்கும் பொங்கலுக்கும் துணி எடுக்கத்தான். வருடத்துக்கு ரூ.9,000 தாண்டாது. மேலே சொன்ன விகிதப்படி கிடைப்பது ரூ.112.50. அதற்காக ரூ.589 கட்டுவதா?

இதே கார்டு வேறொரு வீட்டுக்குப் பொருந்தலாம். மாதச் சம்பளம் வாங்குகிற ஒரு குடும்பம் அந்தக் கடையிலேயே மாதம் ரூ.6,000க்கு வாங்கினால் வருடத்துக்கு ரூ.900 திரும்பி வரும். கட்டணம் போக ரூ.311 மிச்சம். கார்டு நல்லதா கெட்டதா என்பது கார்டில் இல்லை, நம் செலவு நோட்டில் இருக்கிறது.

மூணரை வட்டி

ஆனால் அந்த 311 ரூபாயும் தவணை தவறாதவர்களுக்கு மட்டுமே. பல கார்டுகளில் மாத வட்டி 3.5 சதவீதம், சிலவற்றில் அதற்கும் மேல். நம்ம ஊர்ப் பேச்சில் சொன்னால் மூணரை வட்டி! வருடத்துக்கு 42 சதவீதம். ரெண்டு வட்டிக்கு வாங்கவே யோசிக்கிறவர்கள் நாம். 30 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008இல் சொன்னது. உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் அந்த உத்தரவை ரத்து செய்துவிட்டது.

பத்தாயிரம் ரூபாய் பாக்கி ஒரு மாதம் நின்றால் வட்டி ரூ.350, ஜி.எஸ்.டி. ரூ.63, ஆக ரூ.413. இதைப் பாயிண்டில் ஈடுகட்ட ரூ.33,040க்குச் சாமான் வாங்க வேண்டும். "மினிமம் ட்யூ" மட்டும் கட்டினால் தாமதக் கட்டணம் வராது, ஆனால் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். புதிதாக வாங்கும் பொருளுக்கும் வட்டியில்லாத நாட்கள் கிடைக்காது. மில்லில் ஷிப்ட் குறைந்தால் சம்பளம் குறையும், பில் குறையாது. கார்டை வைத்து ஏ.டி.எம்.மில் பணம் எடுத்தால் அன்றிலிருந்தே வட்டி.

நமக்குள்ள உரிமை

ரிசர்வ் வங்கி விதிகளின்படி நாம் கேட்காமல் கார்டு அனுப்பக் கூடாது. பாக்கி இல்லாத கார்டை மூடச் சொன்னால் 7 வேலை நாளில் மூட வேண்டும். தாமதித்தால் நாளுக்கு ரூ.500 நமக்குத் தர வேண்டும். எனவே கார்டை வேண்டாம் என்று சொல்லவும், வாங்கியதை மூடவும் யாரும் பயப்பட வேண்டியதில்லை.

முடிவுரை

கையெழுத்துப் போடும் முன் மூன்று கேள்விகள்: அந்தக் கடையில் நான் இப்போதே வருடத்துக்கு எவ்வளவு வாங்குகிறேன்? பாயிண்டைக் காசாக்கினால் கட்டணம் போக என்ன மிஞ்சும்? எந்த மாதமானாலும் முழு பில்லையும் கெடு தேதிக்குள் கட்ட முடியுமா? மூன்றுக்கும் நல்ல பதில் இருந்தால் தாராளமாக வாங்கலாம். ஒன்றுக்கு இல்லை என்றாலும் வேண்டாம். அக்காவிடம் நான் சொன்னதும் இதுதான்: "இப்போதைக்கு வேணாம்க்கா."

நண்பர்களே, உங்கள் வீட்டிலும் படிவத்தை உங்கள் கையில்தான் கொடுப்பார்கள். படித்துவிட்டுச் சொல்லுங்கள்.